சிவப்புல ஒரு ‘எல்’: டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் இப்போ எல்லா லேபிலயும் இருக்கு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் சேர்த்து ஒரே விலை. ‘ஆண்களுக்கான ஸ்பெஷல்’னு போட்டிருந்தா டெஸ்டோஸ்டிரோனும் உள்ளே இருக்கும். நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஆனா சாயங்காலம் வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வரும்போது ஏழாவது பக்கத்துல அந்த நம்பர் இருக்கும். பக்கத்துல சிவப்பு எழுத்துல ஒரு ‘எல்’. லோவாம்.

மத்த எது லோ ஆனாலும் நம்ம பசங்க அம்மாகிட்ட சொல்லிடுவாங்க. பி12 குறைவுன்னா வீடே சேர்ந்து முட்டை அவிக்கும். இது மட்டும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. போனை எடுத்து ரகசியமா தேடுவோம். அடுத்த நாளே இன்ஸ்டாகிராம் ‘சோர்வா இருக்கா? தொப்பை குறையலையா? உங்களுக்கு லோ டி’னு ரீல்ஸா காட்ட ஆரம்பிச்சிடும்.

இது புது வியாபாரமும் இல்லை. நாகர்கோவில்ல இருந்து பூதப்பாண்டி வர்ற பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்தா சுவர் சுவரா பார்த்திருப்பீங்க. பரம்பரை வைத்தியர், மாசத்துல இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன ரூம். அப்பாக்கள் காலத்துல அது ‘நரம்புத் தளர்ச்சி’. விந்து வெளியேறினா உடம்பே போயிடும்ங்கிற பயத்துக்கு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல ‘தாத் சிண்ட்ரோம்’னு பேரே வெச்சார். பாலியல் திறனைக் கூட்டும்னு சொல்லி மருந்துக்கு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. சுவர் கேட்கலை, ரீல்ஸும் கேட்கலை. ஒரே வித்தியாசம், அன்னைக்கு வைத்தியர் நாடியைப் பிடிச்சுச் சொன்னதை இன்னைக்கு ஒரு நம்பர் சொல்லுது. நம்பர்னா நாம நம்பிடுவோம், இன்ஜினியரிங் பசங்க வேற.

ஆனா முதல் வருஷ பிசிக்ஸ் லேபிலேயே ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்களே: ஒரு ரீடிங் ரீடிங்கே இல்லை. எப்போ எடுத்தது, எந்தக் கருவி, எத்தனை தடவைன்னு கேட்கணும். டெஸ்டோஸ்டிரோனுக்கு இந்த மூணு கேள்வியும் மத்த எந்த டெஸ்ட்டை விடவும் அதிகமா பொருந்தும். கேட்காம விட்டா என்ன ஆகும்னு கடைசியில வர்றேன். அது கொஞ்சம் சீரியஸான விஷயம்.

எப்போ எடுத்தது?

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவுல இருக்காது. தூங்கும்போது ஏறும், காலையில உச்சத்துல இருக்கும், பொழுது சாய இறங்கும். 30 வயசை ஒட்டின ஆண்கள்ல காலை 8 மணி அளவை விட மாலை 4 மணி அளவு 20-லிருந்து 25 சதவீதம் வரை குறைவா வரும். எழுபது வயசுல இந்த வித்தியாசம் 10 சதவீதம் பக்கம்தான். அதாவது எவ்வளவு இளசோ அவ்வளவு ஏமாத்தும். அதனாலதான் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு விதி.

வெறும் வயிறு ஏன்? சர்க்கரை டெஸ்ட்டுக்குக் குடிக்கக் கொடுப்பாங்களே 75 கிராம் குளுக்கோஸ், அதைக் குடிச்சதும் டெஸ்டோஸ்டிரோன் சராசரியா 25 சதவீதம் விழுந்ததுன்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. கொஞ்ச நேரத்துக்குத்தான், அப்புறம் ஏறிடும். ஆனா உங்க ரத்தம் அந்தக் கொஞ்ச நேரத்துல எடுத்ததா இருந்தா?

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கதை இதுதான். காலேஜ் முடிஞ்சு, பஸ் ஸ்டாண்டுல டீயும் ரெண்டு பழபஜ்ஜியும் சாப்பிட்டுட்டு, நாலரை மணிக்கு ஒரு லேபுக்குப் போயிருக்கான். அக்காவுக்கு ஆஃபர்ல வந்த பேக்கேஜ், ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம். அன்னைக்கு இன்டர்னல் எக்ஸாம் வேற, அந்த வாரம் முழுக்க நாலு மணி நேரம்தான் தூக்கம். ரிசல்ட் 268. லேப் போட்டிருந்த ரேஞ்ச் 300 முதல் 1000 வரை. சிவப்பு ‘எல்’.

தூக்கத்தையும் சேர்த்துக்குங்க. சிகாகோ பல்கலைக்கழகத்துல 2011-ல வெளியான ஒரு சின்ன ஆய்வு, பத்தே பேர், எல்லாம் நம்ம வயசு ஒட்டின ஆரோக்கியமான பசங்க. ஒரு வாரம் ராத்திரிக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டாங்க. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10-லிருந்து 15 சதவீதம் குறைஞ்சது. நம்ம ஹாஸ்டல்ல செமஸ்டர் நேரத்துல 5 மணி நேரம் தூங்குறவனை சோம்பேறின்னு சொல்லுவோம்.

காய்ச்சல், டெங்கு, ஆபரேஷன் மாதிரி எது வந்தாலும் அந்தச் சமயத்துல இது இறங்கும். உடம்பு அப்போ பிழைக்கிற வேலையைப் பார்க்குது. அதனால நோயா இருக்கும்போதும், அதுல இருந்து தேறுற வாரங்கள்லயும் இந்த டெஸ்டை எடுக்கிறதுல அர்த்தமே இல்லை.

அந்தப் பையனை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னோம். பரீட்சை முடிஞ்சு, பத்து நாள் நல்லா தூங்கி, முதல் பஸ் பிடிச்சு, எட்டு மணிக்கு வெறும் வயித்தோட போனான். 362. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு காலை: 384. அதே ஆள், அதே லேப். நடுவுல எந்த மருந்தும் இல்லை.

இது அதிசயம் இல்லை. முதல் தடவை குறைவா வந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் வரைக்கும் அடுத்த தடவை நார்மலா வருவாங்கன்னு அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018 வழிகாட்டியே சொல்லுது. அதனாலதான் ரெண்டு தனித்தனிக் காலைகள்ல, ரெண்டு தடவையும் குறைவா இருக்கணும், அதோட அறிகுறியும் இருக்கணும். அப்போதான் ‘குறைபாடு’ங்கிற வார்த்தையையே எடுக்கணும்னு விதி வெச்சிருக்காங்க.

எந்தக் கருவி? எந்த அலகு?

முதல்ல அலகு. இதுல விழுந்து எழுந்தவங்க நிறைய. சில லேப் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம்னு போடும்: 420. சில லேப் ஒரு மில்லிலிட்டருக்குன்னு போடும்: 4.2. ரெண்டும் ஒண்ணுதான். இன்டர்நெட்ல ‘300-க்குக் கீழே ஆபத்து’னு படிச்சிட்டு ரிப்போர்ட்டுல 4.2-ஐப் பார்த்தா நெஞ்சு நின்னுடும். ஐரோப்பிய லேபுகள் லிட்டருக்கு நானோமோல்னு போடும். டெசிலிட்டர் கணக்கை 28.84-ஆல வகுத்தா அது கிடைக்கும். 300 அங்கே 10.4 ஆயிடும். வளைகுடாவுல இருக்கிற மாமா அனுப்புற ரிப்போர்ட்டைப் படிக்க இது உதவும். இந்தக் கட்டுரையில நான் சொல்ற நம்பர் எல்லாம், தனியா சொல்லலைன்னா, டெசிலிட்டர் கணக்கு.

எவ்வளவு குட்டி அளவுன்னு யோசிச்சுப் பாருங்க. 500-னு ரிப்போர்ட் வர்ற ஒரு ஆளோட ரத்தம் முழுக்க ஓடுற டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டினா 15 மைக்ரோகிராம் தேறும். ஒரு உப்புத்தூள் பரலை விடக் கம்மி. 1935-ல ஆம்ஸ்டர்டாம்ல எர்ன்ஸ்ட் லாக்கர் குழு இதை முதன்முதலா பிரிச்செடுத்தப்போ, 100 கிலோ காளை விரைகள்ல இருந்து கிடைச்சது 10 மில்லிகிராம். அப்படிப்பட்ட சாமானை உங்க கையில இருந்து எடுத்த ஒரு சின்னக் குழாய் ரத்தத்துல அளக்கணும். ஆன்டிபாடியை வெச்சு ஹார்மோனை அளக்கிற வழியைக் கண்டுபிடிச்சதுக்கு ரோசலின் யாலோவுக்கு 1977-ல நோபல் கொடுத்தாங்க. கொடுக்க வேண்டியதுதான்.

இன்னைக்கு நம்ம ஊர் லேப் மெஷினும் அந்த வழியோட பேரப்பிள்ளைதான். அது எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு மினி பஸ்ஸை நினைச்சுக்குங்க. சீட்டு எண்ணிக்கை குறைவு. அந்த சீட்டுதான் ஆன்டிபாடி. உங்க ரத்தத்துல இருக்கிற டெஸ்டோஸ்டிரோனும், லேப் கலக்கிற ஒளிவிடும் டெஸ்டோஸ்டிரோனும் சீட்டுக்கு அடிச்சுக்குது. உங்களோடது நிறைய இருந்தா ஒளிவிடுற ஆளுக்கு இடம் கிடைக்காது. கடைசியில மெஷின் ஒளியை அளக்கும். ஒளி கம்மின்னா டெஸ்டோஸ்டிரோன் ஜாஸ்தி, ஒளி ஜாஸ்தின்னா டெஸ்டோஸ்டிரோன் கம்மி. விலை மலிவு, வேகம், சாதாரண ஆண்கள் அளவுக்குப் போதும். ஆனா குறைஞ்ச அளவுகள்ல தடுமாறும். ஒரு கம்பெனி மெஷினுக்கும் இன்னொண்ணுக்கும் ஒத்து வராது. நல்ல முறை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, மூலக்கூறையே எடை போட்டு எண்ணுறது. பெரிய லேபுகள்ல இருக்கு, விலை கூட. ரெண்டு காலை அளவும் எல்லைக்கோட்டுல தொங்குனா அதைக் கேட்கலாம். எப்படியானாலும் முதல் டெஸ்டும் ரெண்டாவது டெஸ்டும் ஒரே லேபா இருக்கட்டும். இல்லைன்னா உடம்பு மாறுச்சா, மெஷின் மாறுச்சான்னு தெரியாது.

இந்த மினி பஸ்ஸுல ஓசியில ஏறுற இன்னொரு ஆள் இருக்கு. பயோட்டின். முடி கொட்டுதுன்னு நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் அந்த இனிப்பு கம்மி சாப்பிடுறாங்க. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் பக்கம். டப்பாவுல 5,000, 10,000னு போட்டிருக்கும். பல மெஷின்கள்ல ஆன்டிபாடியைப் பிடிச்சு வைக்கிற பசையே பயோட்டின்தான். ரத்தத்துல பயோட்டின் வெள்ளமா இருந்தா அந்தப் பசை பிடிக்காது, ஒளி குறையும். மெஷின் என்ன நினைக்கும்? டெஸ்டோஸ்டிரோன் ஜாஸ்தின்னு நினைக்கும். நிஜமாவே குறைவா இருக்கிறவனுக்குக்கூட நார்மல்னு வந்துடலாம். எல்எச் மாதிரி வேற ஹார்மோன்களை அளக்கிற முறை உல்டா, அங்கே பொய்யா குறைவா காட்டும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர் ‘தம்பி ஊசி போடுறியா?’னு கேட்பார், போடாத பையனைப் பார்த்து. பயோட்டினால லேப் ரிசல்ட் தப்பாகுதுன்னு அமெரிக்க எஃப்டிஏ 2017-லேயே எச்சரிக்கை விட்டது. டெஸ்டுக்குப் போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, லேப்லயும் சொல்லிடுங்க.

300-னு கோடு போட்டது யாரு?

ரேஞ்ச்னு போட்டிருக்கிறது நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவுல கடவுள் போட்ட வேலி இல்லை. ஆரோக்கியமான ஆட்கள் நிறையப் பேரை அளந்து, மேலே 2.5 சதவீதம் கீழே 2.5 சதவீதம் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல பாஸானவங்களுக்குப் புரியும், முழு ஆரோக்கியமா இருக்கிற நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு இந்தக் கணக்குலயே ‘எல்’ விழும். 2017-ல அமெரிக்கா, ஐரோப்பாவுல நடந்த நாலு பெரிய ஆய்வுகளோட மெஷின்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாங்க. 19 முதல் 39 வயசு, பருமன் இல்லாத ஆண்களுக்குக் கிடைச்ச ரேஞ்ச் 264 முதல் 916 வரை. அமெரிக்க யூராலஜி சங்கம் தன் கோட்டை 300-ல வெச்சிருக்கு. உங்க லேப் அதோட மெஷின் கம்பெனி கொடுத்த வேற ஏதோ ஒண்ணைப் போட்டிருக்கும்.

268-ஐ ஒரு கோடு நார்மல்னு சொல்லும், இன்னொண்ணு குறைவுன்னு சொல்லும். அதனாலதான் அறிகுறி முக்கியம். அறிகுறின்னா ரீல்ஸ் சொல்ற சோர்வு, கவனம் இல்லாமை, தொப்பை எல்லாம் இல்லை. அது நாலாம் வருஷ மாணவன்ங்கிறதோட அறிகுறி. ஐரோப்பாவுல எட்டு ஊர்கள்ல 40 முதல் 79 வயசு வரை 3,369 ஆண்களை அளந்து 2010-ல வெளியிட்ட ஆய்வுல 32 அறிகுறிகளை டெஸ்டோஸ்டிரோனோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. உறுதியா சேர்ந்து வந்தது மூணுதான்: காலையில எழும்பும்போது வர்ற விறைப்பு குறையுறது, பாலியல் நினைப்பு குறையுறது, விறைப்புத் தன்மை குறையுறது. மூணும் இருந்து, ரத்த அளவும் குறைவா இருந்தவங்க மொத்தத்துல 2.1 சதவீதம். 40-லிருந்து 49 வயசுல 0.1 சதவீதம். ஆயிரத்துல ஒருத்தர்! ரீல்ஸ் பார்த்தா ஆயிரத்துல ஒருத்தன்தான் தப்பிச்சிருக்கான்னு தோணும்.

மொத்தமும் தனியும்

ரிப்போர்ட்டுல ‘டோட்டல்’னு போட்டிருக்கும். அதுல 2 சதவீதம் அளவுதான் தனியா, சுதந்திரமா ஓடுது. மிச்சம் எல்லாம் ரெண்டு புரதத்தோட முதுகுல ஏறிப் போகுது. ஒண்ணு ஆல்புமின், பிடி லேசு, கேட்டா இறக்கிவிடும். இன்னொண்ணு எஸ்எச்பிஜி, உடும்புப் பிடி. உடம்புக்கு உபயோகப்படுறது பெரும்பாலும் தனியா ஓடுறது.

பருமன், சர்க்கரைக்கு முந்தின நிலை, தைராய்டு குறைவு இதுல எல்லாம் எஸ்எச்பிஜி இறங்கும். வயசு, தைராய்டு கூடுறது, ஈரல் நோய், சில வலிப்பு மாத்திரைகள் இதுல ஏறும். அதனால டோட்டல் மட்டும் பார்த்தா ஏமாறுவோம். இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம், 1999-ல வெர்மூலன் குழு கொடுத்த கணக்கு, பைத்தான்ல பத்து வரி. எல்லாத்தையும் நானோமோல்ல வெச்சுக்குங்க. ஆல்புமின் சாதாரணமா இருந்தா:

மொத்தம் = 23.4 × தனி + (எஸ்எச்பிஜி × தனி) ÷ (1 + தனி)

இருபடிச் சமன்பாடுதான். ரெண்டு பேருக்கும் மொத்தம் 260, அதாவது 9 நானோமோல்னு வைங்க. ரெண்டு பேருக்கும் சிவப்பு ‘எல்’. முதல் ஆள் தொப்பையும் முன்சர்க்கரையும் உள்ளவர், எஸ்எச்பிஜி 15. தீர்த்தா தனி 0.254 வரும். ரெண்டாவது ஆள் ஒல்லி, எஸ்எச்பிஜி 60. தனி 0.117 தான். அந்த ஐரோப்பிய ஆய்வு தனிக்குப் போட்ட கோடு 0.220. ஒரே டோட்டல், ஒரே ‘எல்’. ஒருத்தருக்கு இருக்கிற சரக்கு போதும், இன்னொருத்தருக்கு அதுல பாதி கூட இல்லை. முதல் ஆளுக்குத் தேவை ஊசி இல்லை, எடைக் குறைப்பும் சர்க்கரை டெஸ்டும்.

‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’னு நேரடியா அளக்கிற மலிவான கிட் சில பேக்கேஜ்ல வரும். அதை நம்ப வேண்டாம்னு வழிகாட்டிகளே சொல்லுது. டோட்டல், எஸ்எச்பிஜி, ஆல்புமின் மூணையும் எடுத்துக் கணக்குப் போடுறது அதை விட மேல்.

பேச்சிப்பாறையில திறந்தாச்சா?

சரி, ரெண்டு காலையும் குறைவு, அறிகுறியும் இருக்கு. அடுத்த கேள்வி, கோளாறு எங்கே? இதுக்கு எல்எச், எஃப்எஸ்எச்னு ரெண்டு டெஸ்ட்.

நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இதை ஈஸியா சொல்லலாம். கன்னிப்பூ நடவு நேரத்துல குளத்துல தண்ணி இல்லை. காரணம் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, பேச்சிப்பாறையில மதகே திறக்கலை. இல்லைன்னா, மதகு முழுசா திறந்தாச்சு, ஆனா சானல் எங்கேயோ உடைஞ்சு கிடக்கு. பேச்சிப்பாறை மதகுதான் மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி. அது விடுற தண்ணிதான் எல்எச். விரைகள்தான் சானல். குளத்து மட்டம்தான் ரத்தத்துல இருக்கிற டெஸ்டோஸ்டிரோன்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச் எக்கச்சக்கம்னா மதகு கொட்டுது, சானல்தான் பழுது. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலா இருக்கிற கிளைன்ஃபெல்டர் நிலை, பெரியவனான அப்புறம் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கினது, விரையில அடிபட்டது மாதிரி காரணங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச்சும் குறைவு, இல்லை ‘நார்மல்’னா மதகுல கோளாறு. இங்கே நார்மல்ங்கிறதே தப்பு, குளம் காஞ்சு கிடக்கும்போது மதகை முழுசா திறக்காம பாதி திறந்து வெச்சிருக்கிற மாதிரி. அப்போ புரோலாக்டின் பார்க்கணும். பிட்யூட்டரியில சின்னக் கட்டி இருந்தா அது ஏறியிருக்கும், பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்குற கட்டி. தலைவலி, பக்கவாட்டுப் பார்வை குறையுறது கூட இருந்தா ஸ்கேன். பருமன், சர்க்கரை, சில வலி மருந்துகளும் மதகை இறுக்கும். நம்ம அப்பாக்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல பரேஷ் தந்தோனா குழு 2004-ல 103 சர்க்கரை நோயாளி ஆண்களைப் பார்த்ததுல மூணுல ஒருத்தருக்கு தனி டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஆனா எல்எச் ஏறலை.

இப்போ அந்த சீரியஸ் விஷயம். குளத்துல தண்ணி இல்லைன்னு லாரியில கொண்டு வந்து ஊத்துறோம்னு வைங்க. அதுதான் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. மட்டம் ஏறும், ஆள் தெம்பா இருப்பான், ரிப்போர்ட்டுல ‘எல்’ போயிடும். ஆனா பேச்சிப்பாறையில இருக்கிறவர் குளத்து மட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார். ‘அதான் நிறைஞ்சிருக்கே’னு மதகை அடைச்சிடுவார். சானல் வறண்டுடும். சானல் கரையில ஒரு வயல் இருக்கு, விந்தணு உற்பத்தி. அதுக்குக் குளத்துத் தண்ணி பத்தாது. விரைக்குள்ள ரத்தத்தை விடப் பல மடங்கு அடர்த்தியா டெஸ்டோஸ்டிரோன் ஓடணும். சானல் நின்னா வயல் கருகும்.

இது பயமுறுத்தலுக்குச் சொல்றது இல்லை. உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சுப் பார்த்திருக்கு. 1990-ல வந்த முடிவு: 271 ஆரோக்கியமான ஆண்கள், வாரம் 200 மில்லிகிராம். ஆறு மாசத்துக்குள்ள 157 பேருக்கு விந்தணு பூஜ்ஜியம். கல்யாணம் ஆகி குழந்தை இல்லைன்னு பின்னாடி போய் நிக்கிறவன்ல சிலபேர், 21 வயசுல ‘ஆண்மைக்கு’னு ஜிம்ல போட்ட ஊசியாலதான் அங்கே நிக்கிறான். இதை விடக் கொடுமையான ஜோக் இல்லை.

நிறுத்தினா திரும்புமா? இந்தக் கருத்தடை ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2006-ல பார்த்தாங்க. ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடிங்கிற அளவுக்கு ஆறு மாசத்துல 67 சதவீதம் பேரும், ஒரு வருஷத்துல 90 சதவீதம் பேரும் திரும்பினாங்க, சிலருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அது டாக்டர் அளந்து கொடுத்த சுத்தமான மருந்து. ஜிம்ல பேர் தெரியாத மூணு சரக்கைக் கலந்து போடுறவனுக்கு இந்தக் கணக்கு உத்தரவாதம் இல்லை. அப்படிப் போட்டவன் ரிப்போர்ட் எப்படி இருக்கும்னா எல்எச், எஃப்எஸ்எச் ரெண்டும் தரையில. அவன் போட்டது நாண்ட்ரோலோன் மாதிரி வேற ஸ்டீராய்டுன்னா டெஸ்டோஸ்டிரோனும் தரையில. உடம்பு பாறையா இருக்கும், ரிப்போர்ட்டுல ‘எல்’. மக்கா, டாக்டர்கிட்ட அதை மறைக்காத. அவர் போலீஸ் இல்லை.

நிஜமா தேவைப்படுறவங்களுக்கு இந்த மருந்து நல்ல மருந்து, அதையும் சொல்லிடணும். பிட்யூட்டரி போனவனுக்கும் கிளைன்ஃபெல்டர் பையனுக்கும் எலும்பு, ரத்தம், வாழ்க்கை எல்லாத்தையும் மாத்தும். குழந்தை வேணும்னா மதகு கோளாறுக்கு வேற ஊசி இருக்கு, எல்எச் வேலையைச் செய்யுற எச்சிஜி. வயசானவங்களுக்கு மாரடைப்பு வருமோங்கிற பயத்தை 2023-ல வந்த டிராவர்ஸ் ஆய்வு, 5,246 பேர், பெருமளவு தணிச்சது. ஆனா நுரையீரல்ல ரத்தக்கட்டும் ஒரு வகை இதயத் துடிப்புக் கோளாறும் மருந்து எடுத்தவங்ககிட்ட கொஞ்சம் கூடுதலா இருந்தது. சிவப்பணுவும் ஏறும், அதனால அப்பப்போ ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். கடையில வாங்கித் தானே போட்டுக்கிற சாமான் இல்லை.

நம்ம வயசுல ஒருத்தன் ரிப்போர்ட் இல்லாமலே டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரமும் உண்டு. 18 தாண்டியும் மீசை தாடி, குரல் எதுவும் மாறலை, விரைகள் ரொம்பச் சின்னதா இருக்கு, மார்பு வலியோட வளருது, சின்ன வயசுல இருந்தே வாசனை தெரியலை. பிச்சிப்பூ மணக்கலைன்னா தோவாளைக்காரனுக்கு அது லேசான விஷயமா? வாசனை தெரியாததும் பருவம் வராததும் சேர்ந்து வர்ற கால்மன்னு ஒரு பிறவி நிலை இருக்கு, கண்டுபிடிச்சா வைத்தியம் உண்டு. இவங்கதான் பெரும்பாலும் வெட்கத்துல வாயைத் திறக்கிறதில்லை. 268-ஐப் பார்த்து அலறினவன் எல்லாம் நல்லாதான் இருக்கான்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல பொது மருத்துவ ஓபி இருக்கு, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். போகும்போது ரெண்டு காலை ரிப்போர்ட்டும், ரத்தம் எடுத்த மணியும் கையில இருக்கட்டும். அந்த கம்மி டப்பாவையும், ஜிம்ல கொடுத்த டப்பாவையும் மறக்காம பையில போட்டுக்குங்க.